அம்லீலிஸ்: ஒரு பெயரின் வரலாறு

அரபி அகராதிகளில் செடி கொடிகளின் பெயர்களுக்கு நேரே 'மஃரூஃப்' என்றொரு சொல் அடிக்கடி வரும். 'அறியப்பட்டது' என்பது அதன் பொருள். ஓதும் நாளில் நாமும் அப்படியே ஓதினோம். ஓதிக்கொடுத்த நாளிலும் அப்படியே கடந்தோம். யாருக்கு அறியப்பட்டது என்று கேட்டோமில்லை. அக்கேள்வியைக் கேட்ட பெருமக்களின் உழைப்பை ஒரு சிறு புதரின் வழியே காண்போம்.

நம் இலந்தையின் குடும்பத்தைச் சேர்ந்த குறுமரம் ஒன்று மத்தியதரைக் கடலோர நாடுகளில் வளர்கிறது. தாவர நூலார் அதனை 'ரம்னஸ் அலட்டெர்னஸ்' என்பர். இலந்தைக்குள்ள முள் அதற்கில்லை. என்றும் உதிர்ந்து வெறுமையாகாத பளபளப்பான இலைகள். சிவந்து பின் கறுக்கும் சிறு கனிகள். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மொராக்கோ, அல்ஜீரியா, ஸ்பெயின் தொடங்கிக் கிழக்கே துருக்கி, பலஸ்தீன் வரை, கோடை வறட்சியைத் தாங்கிக் கற்பாங்கான சரிவுகளில் அது நிற்கிறது.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில், கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதஸின் மூலிகை நூலை இஸ்திஃபன் இப்னு பஸீல் அரபியாக்கினார். ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அதனைத் திருத்தினார். அரபியில் பெயர் தெரியாத மூலிகைகளைக் கிரேக்கப் பெயராலேயே எழுதி, பின்வருவோர் கண்டறியட்டும் என்று இஸ்திஃபன் விட்டுவைத்தார். அறியாததை அறிந்ததாகக் காட்டாத அந்த நேர்மையே பின்வந்தோருக்கு வழி திறந்தது. 948-இல் அந்நூலின் கிரேக்கப் படி குர்துபாவுக்கு வந்தது; 951-இல் நிக்கோலஸ் என்னும் துறவியும் வந்தார். அந்நகர மருத்துவர்கள் அவருடன் அமர்ந்து எஞ்சிய பெயர்களை ஆராய்ந்தனர்.

ஏட்டில் அகப்படாதவற்றைத் தேடி நடந்தவர், மாலகாவில் பிறந்த இப்னுல் பைத்தார். இஷ்பீலியாவில் ஆசிரியர் அபுல் அப்பாஸ் அந்நபாத்தீயுடன் மூலிகை தேடித் திரிந்த அவர், 1220-ஐ ஒட்டித் தாயகம் விட்டு வட ஆப்பிரிக்கா வழியே கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். அவர் தொகுத்த 'அல்ஜாமிஃ' என்னும் பெருநூலின் தொடக்கப் பக்கங்களிலேயே 'அம்லீலிஸ்' என்ற பெயர் நிற்கிறது. அது அரபியன்று, கிரேக்கமுமன்று. பர்பர் மக்களின் சொல். அறிஞர் அதனை நம் புதராகவே கொள்வர். அச்சொல்லின் சாயலுள்ள பெயர்கள் அல்ஜீரியாவில் இன்றும் வழங்குகின்றன. காமாலைக்கும் ஈரல் நோய்க்கும் நாட்டு மருந்தாக மக்கள் அதனைக் காய்ச்சிக் குடிக்கின்றனர்.

ஹிஜ்ரி 646-இல் (1248) திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தாருடன் அந்நகரின் புறவெளிகளில் செடிகளை நேரில் கண்டதை மாணவர் இப்னு அபீ உஸைபிஆ எழுதி வைத்துள்ளார். பேராசிரியரின் பாடசாலை அவ்வெளியே!

நூலறியா மலைவாழ் மக்களின் சொல்லையும் இல்மாக மதித்து ஏட்டில் ஏற்றினார் அப்பெரியார். நாமோ வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே நிற்கும் மரத்தையும் 'மஃரூஃப்' என்று சொல்லிக் கடந்து போகிறோம்.