காசு மார்சு

உயிருள்ள புழுக்களோடு உண்ணப்படும் செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டி. இத்தாலியின் சார்டினியாத் தீவுக்கு உரியது. அருகிலுள்ள கோர்சிகாவிலும் இதன் ஒரு வகை உண்டு.

பெக்கொரினோ என்னும் கெட்டியான பாலாடைக்கட்டியின் மேல்தோலைக் கீறித் திறந்தவெளியில் வைத்தால், பாலாடை ஈ (பியோஃபிலா கேசியை) வந்து முட்டையிடும். பொரித்து வரும் புழுக்கள் ஆயிரக்கணக்கில் உள்ளே குடையும். அவற்றின் செரிமானச் சாறு கொழுப்பைச் சிதைக்க, கட்டி களிபோலக் குழைந்து நீர் கசியத் தொடங்கும். அந்த நீருக்கு ‘லாக்ரிமா’, அதாவது கண்ணீர், என்று பெயர். உறைப்பு நாக்கில் வெகுநேரம் நிற்கும்.

ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் நீளமே உள்ள இப்புழுக்கள் 15 சென்டிமீட்டர் வரை துள்ளும். அதனால் ‘பானே கரசாவு’ என்ற மெல்லிய ரொட்டியில் தடவியதும் கையால் மூடிக்கொண்டு உண்பது வழக்கம். புழு வேண்டாதவர்கள் கட்டியைக் காகிதப் பையில் அடைத்து, உள்ளே படபடவென்று துள்ளும் ஓசை அடங்கும்வரை காத்திருப்பார்கள். தானாகப் புழுக்கள் செத்துக் கிடந்தால் கட்டி கெட்டுவிட்டது என்று பொருள். பிற இடங்களில் எறியச் சொல்லும் அடையாளமான உயிருள்ள புழு இங்கே தரச்சான்று!

புழுக்கள் குடலில் பிழைத்திருந்து தொல்லை தரக்கூடும் என்ற அச்சம் உண்டு. 1962ஆம் ஆண்டின் இத்தாலியச் சட்டப்படி இதை விற்க முடியாது. ஆனாலும் இடையர் வீடுகளில் செய்யப்பட்டு, தெரிந்தவர்களுக்குள் கைமாறுகிறது. சார்டினியாவின் மரபுணவுப் பட்டியலிலும் இது இடம்பெற்றிருக்கிறது.