கல்யாண் முகர்ஜியின் போர்க்காலக் கடிதங்கள்

1928ஆம் ஆண்டிலே கல்கத்தா நகரில் ‘கல்யாண் பிரதீப்’ என்னும் வங்கமொழி நூலொன்று அச்சேறியது. அதனை இயற்றியவர் மோட்சதா தேவி என்னும் முதுமூதாட்டியார். முதலாம் உலகப் போரிலே சிறைப்பட்டு இறந்த தம் பேரன் கல்யாண் குமார் முகர்ஜியின் வரலாற்றை, அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைக் கொண்டே அவ்வம்மையார் வரைந்தார். தளபதிகளின் அறிக்கைகளும் அரசாங்கத் தந்திகளும் மலிந்து கிடக்கும் அப்போரின் சான்றுகளிடையே இத்தகைய நூல் அரிதாகும்.

முகர்ஜி படைக்கலம் ஏந்திப் பொருதவரல்லர். இந்திய வைத்திய சேவையைச் சேர்ந்த கப்டன். 1915ஆம் ஆண்டிலே மெசொப்பொத்தேமியாவுக்கு அனுப்பப்பட்ட அவர், தளபதி டவுன்சென்டின் படையோடு தைகிரீசு ஆற்றின் வழியே வடக்கு நோக்கிச் சென்றார். யூன் மாதத்தில் அமாராவும் செப்டெம்பர் மாதத்தில் குட் நகரும் துருக்கியர் கையினின்றும் நீங்கின. பக்தாத்து அணித்தே என்னும் நம்பிக்கை மேலிடத்தில் ஓங்கியிருந்த காலம் அது.

வெற்றி மேல் வெற்றி கிட்டிய அவ்வேளையில், ஒக்டோபர் மாதத்திலே தாயாருக்கு அவர் எழுதிய கடிதமே இக்கடிதங்களுள் தலையாயது. தேசபக்தி என்று நாகரிக நாடுகள் போற்றுவதே இவ்விரத்தப் பெருக்குக்குக் காரணம் என்கிறார். பிறர் நாட்டைப் பறிப்பதே அப்பக்தியின் பயன். அதனை இந்தியர்க்குக் கற்பித்தவர் ஆங்கிலேயர். அப்பாடத்தைக் கற்றே இந்திய இளைஞரும் வெடிகுண்டு வீசத் தலைப்பட்டனர் என்பது அவர் வாதம். ஆங்கில அரசின் சீருடை அணிந்த ஒருவர் இவ்வாறு எழுதியமை வியப்பே. ஆயினும் இதனை விடுதலை இயக்கத்தார்க்குரிய சான்றாகக் கொள்வதும் பொருந்தாது. அக்கடிதம் இரு திறத்தாரையுமே கடிகின்றது. வெட்டுண்ட உடல்களை நாள்தோறும் கண்ட வைத்தியனின் சொற்களாகவே அவற்றைக் கொள்ளல் வேண்டும்.

நவெம்பர் மாதத்திலே தெசிபோன் களத்தில் படையின் முன்னேற்றம் முறிந்தது. சாசானிய மன்னரின் பெருவளைவு நிற்கும் அவ்விடத்தில், ஏறத்தாழ 4,600 பேர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். காயமுற்றோர் வில்லில்லா வண்டிகளிற் குலுங்கி ஆற்றங்கரை சேர்ந்தனர். பின்வாங்கிய படை குட் நகரிலே 147 நாள் முற்றுகையுண்டு கிடந்தது. குதிரை இறைச்சியை உண்ண இந்தியச் சிப்பாய்கள் பலர் நெடுநாள் மறுத்தமையால் நோய்கள் அவர்களைப் பெரிதும் வாட்டின. 1916 ஏப்பிரில் 29இல் ஏறத்தாழ 13,000 பேர் சரணடைந்தனர். அவருள் முகர்ஜியும் ஒருவர்.

சிறைக்காலக் கடிதங்களை முற்கூறிய கடிதத்தோடு ஒப்பிடுவோர் ஒன்றை மறத்தலாகாது. கைதியின் கடிதம் பகைவரின் தணிக்கையைக் கடந்தே வீடு சேரல் வேண்டும். தாயின் அச்சத்தைத் தணிக்கும் கடனும் அதற்குண்டு. ஆகவே அதிற் கூறப்படாதவற்றை நிகழாதவை எனக் கருதுதல் பிழை. முகர்ஜி வைக்கப்பட்டிருந்த றாஸ் அல் ஐன், பக்தாத்து இருப்புப்பாதை வேலைக்கெனக் கைதிகளைக் கொண்டு குவித்த இடம். நாடு கடத்தப்பட்ட ஆர்மீனியரைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற இடமுமாகும். வங்காள அம்புலன்சுப் படையைச் சேர்ந்த சிசிர் சர்பாதிகாரி என்னும் கைதி தம் குறிப்பேட்டைக் கிழித்துப் பாதரட்சைக்குள் ஒளித்து வைத்திருந்தார். பின்னர் அதனைக் கொண்டு அவர் எழுதிய ‘அபி லே பக்தாத்’ என்னும் நூல் ஆர்மீனியர் துயரையும் கூறுகின்றது. கடிதம் ஆற்றமாட்டாத பணியை ஒளித்து வைத்த ஏடு ஆற்றிற்று.

1917 மார்ச்சு மாதத்திலே முகர்ஜி அங்கேயே காய்ச்சலால் இறந்தார். வயது முப்பத்து நான்கு. மெசொப்பொத்தேமியாவிற் காயமுற்றோர் பட்ட பாட்டை விசாரித்த ஆணைக்குழுவின் அறிக்கை அவ்வாண்டு யூன் மாத இறுதியில் வெளிவர, இந்திய மந்திரியாகிய ஒஸ்ரின் சேம்பர்லேன் அடுத்த மாதத்திற் பதவி துறந்தார். ஒக்டோபர்க் கடிதமோ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக வீட்டிலேயே கிடந்தது. ஆட்சியாளரும் தேசியவாதிகளும் ஒருங்கே வெறுத்திருக்கக்கூடிய அதனைப் பாட்டியார் விலக்கவில்லை. பேரனின் வரலாற்றினுள்ளே அதற்கும் இடமளித்து அச்சேற்றினார்.