அம்மீயும் அத்தாவும்: இருமொழி வீட்டில் பிள்ளை வளர்ப்பு

மதுரையில் தக்கனி உருது பேசும் முஸ்லிம்களும் தமிழ் பேசும் ராவுத்தர்களும் பல தலைமுறைகளாக ஒரே ஸஃப்பில் நின்று தொழுது வருகிறார்கள். இரு சாராரும் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபினர் என்பதால் மார்க்கச் சட்டத்தில் பிணக்கு இல்லை. ஆனால் இவர்களுக்குள் சம்பந்தம் நடந்து, குழந்தை பிறந்து, அது வாய் திறக்கும் நேரத்தில்தான் பேச்சு வருகிறது: பிள்ளையிடம் எந்த மொழியில் பேசுவது?

"உருதுதான் நம்ம மொழி, அது போனால் தீனும் போய்விடும்" என்று ஒரு பக்கம். "ஊரே தமிழ் பேசுகிறது, பிள்ளையைக் குழப்பாதீர்கள்" என்று மறுபக்கம். இரண்டுமே சரியில்லை.

முதல் வாதத்தைப் பார்ப்போம். மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ் சூரத்துர் ரூமில் (30:22) சொல்லிக் காட்டுகிறான். அதில் உருதுவுக்குத் தனி இடமும் இல்லை, தமிழுக்குத் தாழ்ந்த இடமும் இல்லை. நமாஸ், ரோஜா, குதா என்பவை பார்சியிலிருந்து வந்த சொற்கள். தொழுகை, நோன்பு, இறைவன் என்பவை தமிழ். அம்மீ நமாஸ் என்றும் அத்தா தொழுகை என்றும் சொன்னால், இரண்டும் குர்ஆன் சொல்லும் ஸலாத்தான் என்று பிள்ளைக்கு ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் போதும். மூன்று சொல்லும் அதற்குச் சொந்தமாகிவிடும். யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதும், அவர் ஏறக்குறைய பதினைந்து நாட்களில் கற்றுக்கொண்டதும் திர்மிதி, அபூதாவூதில் பதிவாகியிருக்கின்றன.

குழப்பம் வரும் என்ற இரண்டாவது வாதத்துக்கு மதுரையே பதில் சொல்லும். கவிக்கோ அப்துல் ரகுமான் 1937இல் இங்கே பிறந்தவர். தந்தை சையது அஹமது 'மஹி' என்ற பெயரில் உருதுவில் கவிதை எழுதியவர். பாட்டனாரும் உருதுக் கவிஞர்தான். அந்த வீட்டுப் பிள்ளை தியாகராசர் கல்லூரியில் தமிழ் படித்தார், வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியரானார், 'ஆலாபனை' நூலுக்காக 1999இல் சாகித்ய அகாதமி விருது பெற்றார். உருதுவின் கஸல் வடிவத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி அவர். வீட்டு மொழி அவருடைய தமிழை எந்த விதத்திலும் கெடுக்கவில்லை, ஊட்டம்தான் கொடுத்தது.

நம் அண்டை வீட்டுச் சௌராஷ்டிரர்களையும் பாருங்கள். பள்ளிக்கூடத்தின் துணையில்லாமலே பல நூற்றாண்டுகளாக வீட்டுப் பேச்சாகவே தங்கள் மொழியைக் காப்பாற்றி வருகிறார்கள். தமிழ் உச்சரிப்புக்கே பெயர்பெற்ற டி.எம்.சௌந்தரராஜன் அந்தச் சமூகத்தவர், மதுரைக்காரர்.

நடைமுறையில் எளிய வழி ஒன்று உண்டு. அம்மீயும் நானியும் உருதுவிலேயே பேசட்டும். அத்தாவும் அவர் வீட்டாரும் தமிழிலேயே பேசட்டும். "அம்மீ, பானி வேணும்" என்று பிள்ளை கலந்து பேசினால் சிரிக்கவோ அதட்டவோ வேண்டாம். "பானி ஹோனா?" என்று அம்மீ தன் மொழியில் திருப்பிச் சொல்லிக்கொண்டே தண்ணீரைக் கொடுத்தால் அதுவே பாடம். இருமொழிப் பிள்ளைக்கு ஒவ்வொரு மொழியிலும் சொற்கள் கொஞ்சம் குறைவாகத் தெரியலாம். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் மற்றப் பிள்ளைகளுக்குக் குறைந்ததில்லை. இரண்டு வயதாகியும் பேச்சே வரவில்லையென்றால், மொழி மேல் பழி போடாமல் மருத்துவரிடம் காட்டிக் காது கேட்கிறதா என்று பரிசோதியுங்கள்.

எழுத்து விஷயத்தில்தான் நம் உருது வீடுகள் பின்தங்கிவிட்டன. பேச்சு இருக்கிறது, வாசிப்பு இல்லை. குர்ஆன் ஓதத் தெரிந்த பிள்ளைக்கு உருது எழுத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே தெரியும். பே, ச்சே, காஃப் போலப் புதிதாகக் கற்கவேண்டியவை கொஞ்சம்தான். ஒரு கோடை விடுமுறை போதும். (நம் முன்னோர் இதே அரபு எழுத்தில் புள்ளிகள் சேர்த்துத் தமிழையே அரபுத்தமிழாக எழுதினார்கள் என்பதையும் அப்போது சொல்லிக் கொடுக்கலாம். பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள்.)

பள்ளியைப் பொறுத்தவரை, 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம். மொழிச் சிறுபான்மை மாணவர்கள் விலக்குக் கேட்டு நீதிமன்றம் சென்றதுண்டு. மதுரையில் வாழப்போகும் பிள்ளைக்கு விலக்குத் தேடுவதில் லாபம் இல்லை என்பது என் கருத்து.

மக்தபில் சேர்க்கும்போது கட்டணத்தையும் நேரத்தையும் விசாரிக்கிறோம். உஸ்தாத் எந்த மொழியில் விளக்குவார் என்று யாரும் கேட்பதில்லை. ஏழு வயதில் பிள்ளை சூராக்களை மனனம் செய்வதற்கு அது தேவைப்படாது. பதின்மூன்று வயதில் குளிப்பு கடமையாவதைப் பற்றியோ, வகுப்புத் தோழன் கேட்ட கேள்வியைப் பற்றியோ சந்தேகம் வரும்போது, கூச்சத்தைத் தாண்டிக் கேட்கப் பிள்ளைக்கு மனதுக்கு நெருக்கமான மொழி வேண்டும். உருதுவில் மட்டுமே விளக்கும் உஸ்தாதிடம் தமிழில் சிந்திக்கும் பிள்ளை அதைக் கேட்காது, செல்பேசியிடம் கேட்கும். ஆகவே சேர்ப்பதற்கு முன் ஒருநாள் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து, பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்களா, எந்த மொழியில் கேட்கிறார்கள் என்று கவனித்துவிட்டு வாருங்கள்.