ஒலி ஒன்று, பொருள் வேறு: ஏற்காட்டு மலைப்பாதையில் சில ஆங்கிலப் பாடங்கள்



கோடை விடுமுறையில் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் குடும்பத்தோடு ஏறிச் செல்பவர்கள் நம்மில் பலர். ஏரியும் காடும் சேர்ந்த அந்தப் பெயர் ஆங்கிலேயர் காதில் விழுந்து ‘யெர்காட்’ ஆனது. சேர்வராயன் மலை ‘ஷெவராய்’ ஆனது. காதை மட்டும் நம்பி எழுதினால் சொல் உருமாறிவிடும் என்பதற்கு அந்த மலையே சான்று. ஆங்கிலம் எழுதும் நம் பிள்ளைகளுக்கும் இதுவே நேர்கிறது.

இது நமக்குப் புதிய பாடமல்ல. ‘கல்பு’ என்ற சொல்லை ஒரு ‘காஃப்’ கொண்டு ஓதினால் உள்ளம். இன்னொரு ‘காஃப்’ கொண்டு ஓதினால் நாய். மதரஸாவில் உஸ்தாத் இதைத் திரும்பத் திரும்பத் திருத்துவது அதனால்தான். தமிழிலும் பள்ளி வேறு, பல்லி வேறு. ஆங்கிலத்திலோ பல சொற்களுக்கு ஒலியும் ஒன்றே. எழுத்து மட்டுமே பொருளைப் பிரிக்கிறது. மலைப்பாதையில் கண்ணில் படுபவற்றைக் கொண்டே சிலவற்றைப் பார்ப்போம்.

பிரேக்: சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அங்கே காலடியில் இருக்கும் வண்டித் தடைக்கு ‘பி-ஆர்-ஏ-கே-இ’. உடைத்தல், முறித்தல் என்றால் ‘பி-ஆர்-இ-ஏ-கே’. ‘பிரேக்ஃபாஸ்ட்’ என்ற சொல்லே ‘நோன்பை முறித்தல்’ என்ற பொருளில் பிறந்தது. அதை நினைவில் வைத்தால் இரண்டும் குழம்பாது.

பேர்: ஏற்காட்டின் கரடிக் குகையின் பெயரில் உள்ள கரடிக்கு ‘பி-இ-ஏ-ஆர்’. வெறுமையான என்றால் ‘பி-ஏ-ஆர்-இ’. கரடிச் சொல்லுக்குள் காதைக் குறிக்கும் ‘இ-ஏ-ஆர்’ ஒளிந்திருக்கிறது. மலையில் விளையும் பேரிக்காய்க்கும் அதே மூன்றெழுத்து உண்டு; ஜோடி என்ற சொல்லுக்கு ‘பி-ஏ-ஐ-ஆர்’.

வைன்: காப்பித் தோட்டத்து மரங்களில் படரும் மிளகுக் கொடிக்கு முதலெழுத்து ‘வி’. மதுவுக்கு ‘டபிள்யூ’. தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘வ’ என்பதால் நாம் எளிதில் தவறுகிறோம். முதலாவதற்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். இரண்டாவதற்கு உதடுகள் குவிய வேண்டும்.

சைட்: காட்சிமுனையில் நாம் காணும் காட்சிக்கு ‘எஸ்-ஐ-ஜி-எச்-டி’. விற்பனைக்கு வரும் மனைக்கு ‘எஸ்-ஐ-டி-இ’.

பிரின்சிபல்: ஏற்காட்டில் 1917-ல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் போன்ற பழைய பள்ளிகள் உள்ளன. எந்தப் பள்ளிக்கு விண்ணப்பம் எழுதினாலும், முதல்வரைக் குறிக்கும் சொல் ‘பி-ஏ-எல்’ என்று முடியும். ‘பி-எல்-இ’ என்று முடிந்தால் அது கொள்கை.

இனி, நம் வீடுகளில் கூடுதல் கவனம் தேவைப்படும் மூன்று சொற்கள்:

தொழுகை, பிரார்த்தனையைக் குறிக்கும் ‘பிரே’ சொல்லில் ‘ஏ’ வரும்; அல்லாஹ்வின் பெயரை ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கும் எழுத்தும் அதுவே. ‘இ’ போட்டால் வேட்டை விலங்கின் இரை என்றாகிவிடும்.

நபியைக் குறிக்கும் சொல் கிரேக்க வேரிலிருந்து வந்தது. அதன் நடுவில் ‘பி-எச்’ வரும். ‘எஃப்’ போட்டு ‘ஐ-டி’ என முடித்தால் வணிக இலாபம். மீலாது அழைப்பிதழிலோ சொற்பொழிவு அறிவிப்பிலோ இந்தப் பிழை நேர்ந்தால் கண்ணியக் குறைவாகிவிடும்.

காலையைக் குறிக்கும் ‘மார்னிங்’ சொல்லில் ‘யு’ கிடையாது. ‘ஓ’வுக்குப் பின் ‘யு’ சேர்த்தால் துக்கம் அனுசரித்தல். காலை வாழ்த்து துக்கச் செய்தியாக மாற ஓர் எழுத்து போதும்.

கணினியின் எழுத்துப் பிழைத் திருத்தி இவற்றைப் பிடிக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். இரண்டும் சரியான சொற்களே என்பதால் பல நேரம் அது கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். எனவே பிள்ளைகளுக்குத் தனிச் சொல்லாக அன்றி, சிறு வாக்கியத்தில் வைத்துக் கற்றுக்கொடுப்போம். ஜமாஅத் அறிவிப்புகளை வெளியிடும் முன் இன்னொருவரைப் படித்துப் பார்க்கச் சொல்வோம்.

ஓதுமாறு பணித்தே தொடங்கியது நமக்கு அருளப்பட்ட வேதம். எழுதுகோலையும் அது அங்கேயே நினைவூட்டுகிறது. எந்த மொழியில் எழுதினாலும் சொல்லுக்குரிய உரிமையைக் கொடுத்து எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.