தக்காண மந்தைகளும் கொங்கணக் கிடையும்

சகயாத்திரி மலைத்தொடர் பருவமழையை மறித்துவிடுவதால் வறண்டு கிடக்கும் தக்காணப் பீடபூமியின் ஆட்டிடையரான தன்கர்கள், புல் தீர்ந்ததும் செம்மறி மந்தைகளோடு மலையிறங்கி, மும்பையை ஒட்டிய கொங்கணத்தில் நெல்லறுத்த வயல்களில் கிடை அமர்த்துவது, அதாவது எருவுக்காக இரவில் ஆடுகளை அடைப்பது, நெடுநாள் வழக்கம். கூலியாக நெல்லோ பணமோ கிடைத்தது. மட்டக்குதிரை முதுகில் சட்டிபானையோடு இளங்குட்டிகளும் பயணம் செய்யும். கொங்கணத்து அடைமழையைத் தக்காணி ஆடுகள் தாங்கா என்பதால், மழைக்கு முன்பே மேட்டுநிலம் திரும்பினர்.

பெருவறட்சியில், 1972இல் வந்ததைப் போன்ற ஆண்டில், மந்தையை விற்பதும் ஒரு வழிதான். எனினும் எல்லாரும் ஒருசேர விற்க வந்தால் விலை விழும். மும்பையில், செம்பூரை அடுத்த தேவ்னாரில் 1971இல் இறைச்சிக்கூடம் அமைந்து, நகரத்தின் ஆட்டுச் சந்தை அங்கே நிலைபெற்றது.

பின்னாளில் பாசனத்தால் இரண்டாம் போகம் வந்ததும், நகரத்தின் ஆலைகளும் மனைகளும் ராய்கட் வரை பரவியதும் கிடைநிலத்தைச் சுருக்கின. வறட்சியைவிட இதுவே தன்கர்களுக்குப் பெரிய இடர்.