நகல் எடுத்த பாட்டு யாருக்குச் சொந்தம்?

நேயர்களே, 'திருட்டு விசிடி' என்ற சொல் நம் வீடுகளுக்குள் நுழையும் முன்பே, பேராக் தோட்டப்புறங்களில் ஒலிநாடாக்கள் லயத்துக்கு லயம் கைமாறின. ஈப்போவுக்குப் போனவர் புதுப்படப் பாட்டு வாங்கி வந்தால், சில நாட்களில் அதன் நகல் அடுத்த வீட்டிலும் பாடும். அதை யாரும் களவென்று எண்ணவில்லை.

சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. 1969ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளிநாட்டவரின் படைப்பு இங்கே முதலில் வெளிவர வேண்டும். அல்லது வேறு நாட்டில் வெளிவந்து 30 நாட்களுக்குள் இங்கும் வெளிவர வேண்டும். தவறினால் பாதுகாப்பில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டம் வந்தும் இந்த நிலை உடனே மாறவில்லை. 1990 அக்டோபர் முதல் நாள் மலேசியா பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த பிறகுதான் சென்னைப் பாடல்களுக்கு இங்கே உரிமை உறுதியானது.

இதில் அடிபட்டவர் யார் தெரியுமா? நம் உள்ளூர்க் கலைஞர்தான். மலேசியக் குடிமகனான அவருடைய பாட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு முன்பே உண்டு. ஆனால், மலிவாகக் கிடைத்த சினிமாப் பாட்டு நகலுக்குப் பக்கத்தில் அவருடைய நாடாவைக் காசு கொடுத்து வாங்க எத்தனை பேர் முன்வருவார்கள்? ஏட்டில் உரிமை இருந்தது. சந்தையில் இடம் இல்லை.

பிறகு வட்டுகள் வந்தன. 2000ஆம் ஆண்டில் வட்டுத் தயாரிப்புக்கு உரிமம் கட்டாயமானது. 2007இல் லக்கி, புளோ என்ற இரண்டு மோப்ப நாய்கள் வட்டுகளைத் தேடிப் பிடித்தன. அவற்றின் தலைக்குக் கடத்தல்காரர்கள் விலை வைத்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. மனிதர்களுக்குக்கூட அவ்வளவு மதிப்பில்லை!

வீட்டு உபயோகம் பற்றிப் பலருக்குக் குழப்பம். வானொலி, தொலைக்காட்சி ஒலிபரப்பைத் தன் சொந்த வீட்டு உபயோகத்துக்குப் பதிவு செய்ய 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமுண்டு. நண்பர் வாங்கிய வட்டை நகலெடுப்பது அந்த விலக்கில் அடங்காது. ஒரே படைப்பின் 3 கள்ள நகல்கள் ஒரே வடிவில் உங்கள் கையில் இருந்தால், அவை வீட்டு உபயோகத்துக்கு அல்ல என்றே சட்டம் கருதும். இல்லையென்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். தண்டனையோ ஒவ்வொரு நகலுக்கும் 2,000 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் சில, அந்தப் பழைய நாடாக்களை இன்னும் வைத்திருக்கின்றன. ஒரு பக்கம் பாட்டி பாடிய தாலாட்டு, மறுபக்கம் படப்பாட்டு. பேரப்பிள்ளைகள் அதைக் கைப்பேசிக்கு மாற்றும்போது, முதல் பக்கம் குடும்பச் சொத்து. மறுபக்கத்துக்கு உரிமையாளர் சென்னையில் இருக்கிறார்.