தீவு மட்டும் போதாது: காகாபோ பாதுகாப்பின் வரலாறு (1894–2023)

முன்னுரை

நியூசிலாந்துக்கு மட்டுமே உரிய காகாபோ பறக்க இயலாத கிளி. இரவில்தான் நடமாடும். உலகக் கிளிகளில் இதுவே எடை மிகுந்தது. 1845-இல் ஜார்ஜ் ராபர்ட் கிரே இதை அறிவியல் முறைப்படி விவரித்தார். அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் இவ்வினம் அழிவின் விளிம்புக்கு வந்தது. 1995-இல் எஞ்சியிருந்தவை 51 மட்டுமே. 2022-இல் அந்த எண்ணிக்கை 252 ஆக உயர்ந்தது.

இந்த மீட்சி நவீனத் தொழில்நுட்பத்தின் வெற்றியாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஆனால், கொன்றுண்ணிகள் இல்லாத தீவுக்குப் பறவைகளை மாற்றுவது என்ற அதன் அடிப்படைக் கருத்து 1894-லேயே செயலுக்கு வந்துவிட்டது. சரியான கருத்து கையில் இருந்தும் பலன் கிடைக்க ஒரு நூற்றாண்டு ஏன் ஆனது? எந்தத் தீவு உண்மையில் பாதுகாப்பானது, அங்கே போன பறவை இனம்பெருக என்னென்ன தேவை ஆகிய இரண்டையும் களத்தில் தங்கிக் கற்ற பிறகே அக்கருத்து உயிர்பெற்றது என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் விடை.

அழிவின் பின்னணி

மனிதர் வருவதற்கு முன் நியூசிலாந்தில் வௌவால்களைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டிகள் இல்லை. காகாபோவை வேட்டையாடியவை கழுகு போன்ற பறவைகளே. அவை கண்ணால் தேடுபவை. ஆகவே ஆபத்து நேர்ந்தால் அசையாமல் உறைந்து நிற்பதும், பாசி படர்ந்த தரையோடு கலந்துபோகும் பச்சை நிற இறகுகளும் காகாபோவுக்குப் போதுமான காப்பாக இருந்தன. மோப்பம் பிடித்து வரும் விலங்கிடம் இந்த உத்தி செல்லாது. காகாபோவின் உடலிலிருந்து எழும் தனித்த மணமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

13-ஆம் நூற்றாண்டளவில் மாவோரி மக்களோடு நாயும் பசிபிக் எலியும் வந்தன. ஐரோப்பியரோடு கப்பல் எலிகளும் பூனைகளும் வந்தன. முயல்கள் மேய்ச்சல் நிலங்களை அழித்ததால், 1880-களில் அவற்றைக் கட்டுப்படுத்த ஸ்டோட் என்னும் சிறு ஊனுண்ணி திட்டமிட்டே கொண்டுவந்து விடப்பட்டது. அது முயலோடு நிற்கவில்லை. காடுகளுக்குள் பரவி, தரையில் வாழும் பறவைகளை வேட்டையாடியது.

ரிச்சர்ட் ஹென்றியின் முயற்சி

நாட்டின் தென்மேற்கு மூலையிலுள்ள ஃபியோர்ட்லாந்து, பனியாறுகள் குடைந்த செங்குத்துப் பள்ளத்தாக்குகளும் ஓயாத மழையும் கொண்ட வனம். அங்கே டஸ்கி சவுண்ட் பகுதியிலுள்ள ரெசல்யூஷன் தீவை 1891-இல் அரசு காப்பிடமாக ஒதுக்கியது. 1894-இல் ரிச்சர்ட் ஹென்றி அதன் காவலராக நியமிக்கப்பட்டார். வாய்ப்பூட்டு இட்ட நாயின் துணையோடு பறவைகளைத் தேடிப் பிடித்து, படகில் ஏற்றித் தீவுகளுக்குக் கொண்டுசேர்த்தார். அவர் இடம்மாற்றிய காகாபோக்கள் 200-க்கும் மேல்.

ஹென்றி சிறந்த உற்றுநோக்கர். காகாபோ எல்லா ஆண்டுகளிலும் முட்டையிடுவதில்லை என்பதைக் கவனித்தார். பறக்காத பறவைகளின் பழக்கங்கள் பற்றி 1903-இல் நூலும் வெளியிட்டார். ஆனால் 1900-லேயே தீவில் ஸ்டோட் காணப்பட்டுவிட்டது. ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீந்தவல்ல அந்த விலங்குக்கு நிலப்பரப்பை ஒட்டிய ரெசல்யூஷன் தீவு எட்டும் தூரம்தான். அதைத் தடுக்கும் கருவியோ ஆள்பலமோ ஹென்றியிடம் இல்லை. 1908-இல் அவர் தீவை விட்டு வெளியேறினார். வேறு தீவுகளுக்கு அனுப்பப்பட்ட சில காகாபோக்களும் நிலைக்கவில்லை. இத்தோல்விக்குக் காரணம் கருத்தின் பிழையன்று. கடல் எவ்வளவு அகலமாக இருந்தால் காப்பாகும் என்பதை அன்று யாரும் அளந்திருக்கவில்லை.

ஆண்கள் மட்டுமே எஞ்சிய பள்ளத்தாக்குகள்

1949 முதல் நியூசிலாந்து வனவிலங்குத் துறை காகாபோவைத் தேடிப் பல பயணங்களை மேற்கொண்டது. 1961-இல் பிடிக்கப்பட்ட பறவைகள் கூண்டில் நிலைக்கவில்லை. 1970-களில் அத்துறையின் டான் மெர்ட்டனும் அவருடைய குழுவினரும் ஹெலிகாப்டர் உதவியோடு, நடந்து எட்ட முடியாத தொங்கு பள்ளத்தாக்குகளில் இறங்கித் தேடினர். 1977 வரை ஃபியோர்ட்லாந்தில் 18 பறவைகள் கிடைத்தன. எல்லாமே ஆண்கள்.

இதன் கொடுமை காகாபோவின் இனப்பெருக்க முறையை அறிந்தால்தான் விளங்கும். ஆண் பறவை மேட்டு நிலத்தில் ஆழமற்ற குழிகளைத் தோண்டி, அவற்றை இணைக்கும் தடங்களையும் சீராக வைத்துக்கொள்ளும். ஒரு குழி பயன்பாட்டில் உள்ளதா என்றறியக் களப்பணியாளர்கள் அதில் சில குச்சிகளைப் போட்டுவிட்டுப் போவார்கள். இரவில் ஆண் வந்திருந்தால், மறுநாள் காலை அக்குச்சிகள் வெளியே எறியப்பட்டிருக்கும். குழியில் அமர்ந்து, மார்புப் பகுதியைக் காற்றால் உப்பவைத்து, அது எழுப்பும் ஆழ்ந்த முழக்கம் 5 கிலோமீட்டர் வரை கேட்கும். இரவுக்கு எட்டு மணிநேரம்வரை, இரண்டு மூன்று மாதங்கள் இது தொடரும். ஃபியோர்ட்லாந்தின் ஆண்கள் அப்படித்தான் முழங்கிக்கொண்டிருந்தன. கேட்டு வரப் பெண்கள் இல்லை. அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் பெண்ணுக்கே உரியவை. தரையிலுள்ள கூட்டில் தனித்திருந்த பெண்களே முதலில் கொன்றுண்ணிகளுக்கு இரையாயின.

ஸ்டூவர்ட் தீவும் இடமாற்றமும்

1977-இல் தெற்கேயுள்ள ஸ்டூவர்ட் தீவில் காகாபோக் கூட்டம் ஒன்று கண்டறியப்பட்டது. 1980-இல் அங்கே பெண் பறவையும் உறுதியானது. அத்தீவில் ஸ்டோட் இல்லை. ஆனால் காட்டுப் பூனைகள் இருந்தன. ரேடியோ கருவி பொருத்திக் கண்காணித்த முதிர்ந்த பறவைகளில் ஆண்டுக்குப் பாதிக்கும் மேல் பூனைகளுக்கு இரையாவது தெரியவந்தது. இந்த அளவீடுதான் முடிவெடுக்க வைத்தது. பூனைகள் ஒழிக்கப்பட்ட லிட்டில் பேரியர் தீவுக்கு 1982-இல் 22 பறவைகள் சென்றன. 1987 முதல் காட்ஃபிஷ் தீவுக்கும் பறவைகள் கொண்டுசெல்லப்பட்டன.

ஹென்றியின் காலத்திலிருந்து மாறியது இதுவே: அவர் கொன்றுண்ணி இல்லாத தீவைத் தேடினார், மெர்ட்டனின் தலைமுறை அப்படிப்பட்ட தீவை உருவாக்கியது. காட்ஃபிஷ் தீவில் பசிபிக் எலி 1998-இல் முற்றாக ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பு, கூட்டருகே கூடாரமடித்துத் தங்கிய காவலர்கள் இரவெல்லாம் அகச்சிவப்புக் கேமரா வழியே கூட்டைக் கவனித்தார்கள். தாய் இரைதேடப் போனதும் முட்டைகளின் மேல் சிறு மின்கம்பளத்தைப் போர்த்திச் சூடு காத்தார்கள். எலி நெருங்கினால் ஒளியாலும் ஓசையாலும் விரட்டினார்கள்.

உணவும் பாலின விகிதமும்

பாதுகாப்பான தீவிலும் பறவைகள் பெருகவில்லை. ரிமு மரம் மிகுதியாகக் காய்க்கும் பருவத்தில்தான் தென்தீவுகளின் காகாபோ முட்டையிடும். அது இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை. ஹென்றி கவனித்த விட்டுவிட்டு வரும் இனப்பெருக்கத்துக்குக் காரணம் இதுவே. ஆகவே 1989 முதல் கூடுதல் உணவு தரப்பட்டது. அப்போது எதிர்பாராத விளைவு ஒன்று தெரிந்தது: நன்கு உண்டு எடை கூடிய தாய்களின் குஞ்சுகளில் ஆண்களே மிகுதி.

உடல்நிலை சிறந்த தாய்க்கு ஆண் குஞ்சு அதிகம் பிறக்கலாம் என்று ராபர்ட் டிரிவர்ஸும் டான் வில்லார்டும் 1973-இல் முன்வைத்த கோட்பாடு இங்கே நடைமுறைக்கு உதவியது. பெண் பறவைகள் முட்டையிடும் அளவுக்கு உண்ண வேண்டும், ஆனால் வரம்புக்கு மேல் எடை கூடக் கூடாது என்று ஒவ்வொன்றையும் எடைபோட்டு உணவு வழங்கினார்கள். ரிமு செழித்துக் காய்த்த 2002-இல் 24 குஞ்சுகள் பிழைத்தன. மொத்த எண்ணிக்கை 62-இலிருந்து 86 ஆனது. ஆண்–பெண் விகிதமும் சமநிலைக்குத் திரும்பியது. பரிணாமவியலின் ஒரு கோட்பாடு, தனித்தனிப் பறவையின் தீனித் தட்டுவரை வந்து பயன்பட்ட அரிய நிகழ்வு இது.

மரபணுவின் சவால்

இன்றைய காகாபோக்களில் பெரும்பாலானவை ஸ்டூவர்ட் தீவுப் பறவைகளின் வழித்தோன்றல்கள். இடப்படும் முட்டைகளில் ஏறத்தாழ பாதி பொரிவதில்லை. நெருங்கிய உறவினருக்குள் நேரும் இனப்பெருக்கம் இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. 1975-இல் ஃபியோர்ட்லாந்தில் பிடிக்கப்பட்ட ஓர் ஆணுக்கு ரிச்சர்ட் ஹென்றி என்றே பெயரிட்டிருந்தார்கள். 1998-இல் அது ஃப்ளாசி என்ற பெண்ணோடு சேர்ந்து மூன்று குஞ்சுகளுக்குத் தந்தையானது. நிலப்பரப்புக் காகாபோவின் மரபணு இன்று இக்குடும்பத்தில்தான் எஞ்சியுள்ளது. அதே வேளையில், ஸ்டூவர்ட் தீவுக் கூட்டம் சுமார் 10,000 ஆண்டுகள் சிறிய எண்ணிக்கையில் தனித்து வாழ்ந்தபோது தீய மரபணு மாற்றங்கள் பலவற்றை உதறிவிட்டது என்று 2021-இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு காட்டியது. இது நம்பிக்கை தரும் செய்தி.

2019-இல் வரலாறு காணாத எண்ணிக்கையில் குஞ்சுகள் வளர்ந்தன. அதே ஆண்டில் பூஞ்சை நோயொன்று ஒன்பது பறவைகளைப் பலிகொண்டது. சில தீவுகளில் மட்டும் இனத்தையே நிறுத்திவைப்பதன் ஆபத்தை அது உணர்த்தியது.

முடிவுரை

காகாபோவின் மீட்சியை முடிந்த கதையாகக் கொள்ள இயலாது. கொன்றுண்ணியற்ற தீவுகளில் இடம் நிரம்பிவருகிறது. ஙாய் தஹு என்னும் மாவோரி மக்களோடு இணைந்து பணியாற்றும் இயற்கைப் பாதுகாப்புத் துறை, 2023 ஜூலையில் நான்கு ஆண் பறவைகளை வடக்குத் தீவின் மவுங்கதவுதாரி காப்பகத்தில் விட்டது. வேலியிட்ட அந்தக் காட்டிலிருந்து சில பறவைகள் வெளியேறின. வேலி எப்படி அமைய வேண்டும் என்பதையும் பறவையிடமிருந்தே கற்க வேண்டியிருக்கிறது.

இவ்வரலாற்றில் ஒவ்வொரு கட்டத்தின் தோல்வியும் அடுத்த கட்டத்தின் கேள்வியாக மாறியது. ஸ்டோட் நீந்தியதால் தீவின் தூரம் அளக்கப்பட்டது. பூனை கொன்றதால் தீவுகள் தூய்மையாக்கப்பட்டன. ஆண் குஞ்சுகள் மிகுந்ததால் உணவு நிறுக்கப்பட்டது. இவை எவையும் ஓராண்டுத் திட்டத்தில் விளைந்தவை அல்ல. ஒரே வேலை தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்ததால் விளைந்தவை. ஹென்றியிடம் கருத்தும் உழைப்பும் இருந்தன. தொடர்ந்து பொறுப்பேற்கும் நிறுவனம் இல்லை. அருகிவரும் பறவைக்கு நிதி ஒதுக்கும் எந்த அரசும் முதலில் உறுதிசெய்ய வேண்டியது அந்தத் தொடர்ச்சியையே.